ஆந்தையும் நாங்களும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கிழக்கு லண்டனில் இருக்கிற எங்களுக்கு எப்பிங் காடு தூரமில்லை. 1878 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காட்டைப் பொதுமக்களுக்கென்று காத்துத் தந்தது. முந்தி விறகுக்காகக் கொப்புத் தறித்த பழைய மரங்கள் அங்கே நிறைய உண்டு. அவற்றின் பொந்துகளில் தவிட்டு நிற ஆந்தைகள் குடியிருக்கின்றன.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொழுதுபடப் போய்க் கேளுங்கோ என்றால், "சாக்குருவி கத்துறதைக் கேட்கவோ?" என்று எங்கட அம்மாமார் பதறுகினம். அது கத்தினால் சாவு விழும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நற்றிணை 83 ஆம் பாட்டைப் பாருங்கோ. காதலனை எதிர்பார்த்து உறங்காமல் இருக்கிற இரவில், அச்சம் தரக் கத்தாதே என்று ஊர் மரத்துக் கூகையிடம் கேட்கிறார்கள். கல்லெறிந்து கலைக்கவில்லை. நெய்ச்சோறும் எலிச்சூடும் தருகிறோம் என்று அயலவரோடு பேசுவதுபோலப் பேசுகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். 1983 முதல் 2009 வரை ஊரில் எங்கட சனத்தைக் கொன்றது எது? செல்லும் விமானக் குண்டும். அதற்கு எந்த ஆந்தை குறி சொன்னது?

இந்த ஆந்தை கத்துவதற்கு வேறு காரணம் உண்டு. "கீவிக்" என்று கூப்பிடுவது பெரும்பாலும் பெட்டை. "ஊ... ஊ..." என்று நீட்டிச் சொல்வது ஆண். சோடி சேர்ந்தவை வருடம் முழுக்க ஒரே எல்லைக்குள் இருக்கும். வளர்ந்த குஞ்சுகள் இலையுதிர் காலத்தில் தங்களுக்கென்று இடம் தேடிப் புறப்பட வேண்டும். இது எங்கட இடம் என்று பெரியவை அப்போதுதான் கூடக் கத்தும். இடம் கிடையாத குஞ்சுகள் பல, மாரி முடிய முன்னமே பட்டினியில் செத்துப்போகும். இடமில்லாமல் அலைவது என்னவென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்தச் சித்திரையில் பெட்டை அடைகாக்கும். வைகாசியில் குஞ்சுகள் கொப்பில் இருந்து இரை கேட்கும். எட்ட நின்று பாருங்கோ, கூட்டுக்குக் கிட்டப் போகாதேங்கோ. எரிக் ஹொஸ்கிங் என்ற பெயர்பெற்ற பறவைப் படப்பிடிப்பாளர் 1937 இல் இந்த ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தவர்.

பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுப்போம், பழைய பாட்டுகளைக் கொடுப்போம். இந்தப் பயத்தை எங்களோடு நிறுத்திக்கொள்வோம்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.