ஊராட்சிக் கணினியின் கடவுச்சொல் யாரிடம்?

(உள்ளாட்சி குறித்த இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊராட்சி அலுவலகங்களில் பழைய கணினியை மாற்றிப் புதிது வாங்குகிறார்கள். தீர்மானம் போடுவார்கள், விலைப்புள்ளி கேட்பார்கள், பில் பாஸ் ஆகும். இதில் சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு என்ன வேலை என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலை இருக்கிறது.

1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பட்டியல் சமூகத்தவர் தலைவராக இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்கு ஆதிக்கச் சாதி சொன்ன பதில் மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை ஒரு தலித் தலைவரை நிலைக்க விடவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது.

அரிவாளும் நாற்காலியும் கண்ணுக்குத் தெரியும். கையெழுத்து தெரியாது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஊரில் எண்ணிக்கை பலம் யாருக்கோ, பல இடங்களில் அந்தப் பதவியும் அவர்களுக்குத்தான். அவர் பேனாவை மூடிவிட்டால் தெருவிளக்குக்கு பல்புகூட மாற்ற முடியாது.

இப்போது அந்தக் கையெழுத்து கணினிக்குள் போய்விட்டது. நிதிக்குழு மானியத்தைச் செலவிட இ-கிராம்ஸ்வராஜ் தளம். கையெழுத்துக்குப் பதில் பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன், அதற்கு ஒரு ரகசிய எண். இரண்டும் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் தலைவர்.

நான் போன ஓர் ஊராட்சியில் தலைவர் ஒரு தலித் பெண். "டோக்கன் எங்கம்மா?" என்று கேட்டேன். "செக்ரட்டரிகிட்ட இருக்கும் தம்பி, அவருதான் பாத்துக்குவாரு" என்றார். கணினி எங்கே என்றேன். அலுவலகக் கதவு சரியில்லை என்று சொல்லி, பாதுகாப்புக்காகத் துணைத் தலைவர் வீட்டில் வைத்திருக்கிறார்களாம். தன் ஊராட்சிக் கணக்கைப் பார்க்க அந்தம்மா அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய் நிற்க வேண்டும். ஒருநாளும் போகவில்லை. ஆனால் அவர் பெயரில் பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நாளைக்குத் தணிக்கையில் முறைகேடு என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அதனால்தான் சொல்கிறேன், புதுக் கணினி வாங்கும் நேரம் நாம் கேள்வி கேட்க வேண்டிய நேரம். எங்கே வைக்கப் போகிறீர்கள்? ஊராட்சி அலுவலகத்தில்தான் வைக்க வேண்டும். கதவு சரியில்லை என்றால் முதலில் கதவைச் சரிசெய்யுங்கள். ரகசிய எண்ணைத் தலைவரே மாற்றினாரா? டோக்கன் அவர் கையில் வந்ததா? பழைய கணினியில் இருந்த கணக்குகள் புதியதற்கு வந்தனவா? பழையது இருப்புப் பதிவேட்டில் என்னவென்று எழுதப்பட்டது, யார் வீட்டுக்குப் போனது?

இதைக் கேட்க நமக்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊராட்சியின் வரவு செலவை இ-கிராம்ஸ்வராஜில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பார்த்து, குறித்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குக் கணினி தெரியும். தலைவருக்கு உதவி செய்யப் போகும்போது, "நகருங்கம்மா, நானே போட்டுத் தரேன்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் செயலர் இருந்த இடத்துக்கு நாம் வந்திருப்போம், அவ்வளவுதான். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும். நேரம் ஆகும். பத்து முறை தப்பாகும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

ஜெய்பீம்.