கலமும் இல்லமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் கரமனையாறு ஒரு சில கல் தொலைவு சென்றதும் கடலில் கலக்கிறது. எனினும், கடலோடும் பாய்க்கலத்தின் உள்ளமைப்பை நம்மில் அறிந்தோர் சிலரே.

2024 அக்டோபர் 2ஆம் நாள், இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்க்கலம் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதனைச் செலுத்தியோர் இருவரே: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. உலகைச் சுற்றி 2025 மே 29இல் அவர்கள் மீண்டனர். நடுக்கடலில் பழுது நேர்ந்தால் எந்த மிஸ்திரியை அழைப்பது? ஒருவர் உறங்கும்போது மற்றவரே காவல். ஆதலின், இத்தகைய கலத்தில் ஒவ்வொரு விசையையும் இருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பொதுவாகப் பாய்க்கலத்தில் இருவகைப் பாட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று விளக்கு, ரேடியோ முதலியவற்றிற்கு. இரவெல்லாம் விளக்கெரிந்து பின்னது வறண்டாலும், முன்னது காலையில் கைகொடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பாட்டரியில் பாதியளவு மின்சாரத்தையே செலவிடுதல் நன்று. அப்பாதி, நம் இல்லத்து 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு அரைமணி நேரமே போதும்! எஞ்சின் ஓடுகையில் தலைமை விசையை அணைத்தலும் கூடாது, மின்னாக்கி கெடும்.

கலத்தின் அடியில் நீர் கசிந்து உயர்ந்தால், மிதவை எழுந்து பம்பைத் தானே இயக்கும். அதன் இணைப்பைத் தலைமை விசையின் வழியே கொண்டுசெல்லாமல், பாட்டரியிலிருந்து நேரே எடுப்பர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கரையேறினாலும் அது விழித்திருக்க வேண்டுமன்றோ?

சமையல் வாயுவோ காற்றினும் கனமானது. கசிந்தால் அடித்தளத்தில் தேங்கும். ஒரு பொறி போதும், கலமே சிதறும். ஆகவே, சமைத்து முடித்ததும் சிலிண்டரின் வாயிலேயே அடைப்பர்.

அன்பர்களே, கடலில் இவ்வறிவு உயிர்க்காப்பு. இல்லத்தில் மட்டும் அது குடும்பத் தலைவர் ஒருவருக்கே உரியதாகலாமா? அவர் அலுவலகத்தில் இருக்கையில் புகை எழுந்தால், மெயின் சுவிட்சு எங்கே என்று தாயும் சேயும் தேடுதல் தகுமா? உலகைச் சுற்றிய அவ்விருவரும் பெண்மணிகளே என்பதை எண்ணிப் பார்ப்போம்.

விழா முடிந்து இல்லம் சேர்ந்ததும், மெயின் சுவிட்சு, சிலிண்டர் வால்வு, தண்ணீர்க் குழாயின் அடைப்பு ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் காட்டுவோம்; அவர்கள் கையாலேயே இயக்கச் செய்வோம்.