மகளாக வந்த சுறா

கடலையே காணாத குஜிலியம்பாறைச் சிறுவனும் சுறா என்றால் அஞ்சுவான். திரைப்படம் செய்த வேலை அது. மீன்களுள் மிகப் பெரியதாகிய திமிங்கலச் சுறாவோ, நீரை வடித்து நுண்ணுயிர்களையும் சிறுமீன்களையும் உண்பது; மனிதரை நாடாது.

சௌராட்டிரக் கரையில், படகுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காக அதனைக் கொன்றனர். கொக்கியில் பீப்பாய் கட்டிப் பிடித்தமையால் அதன் பெயரே 'பேரல்' ஆயிற்று! 2001இல் சட்டம் தடுத்தது. ஆயினும் நடுக்கடலில் சட்டத்தை யார் காண்பார்?

2004இல் இராமகதை சொல்லும் மொராரி பாபு, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள் அது என்றார். 'வ்ஹாலி', அதாவது அன்புக்குரியவள், எனப் பெயர் மாறியது. வேராவல் மீனவர் வலையை அறுத்து அதனை விடுவிக்கலாயினர். வலையன்றோ அவர்தம் முதல்? வனத்துறை ஈடு வழங்கும். எனினும் புதுவலையோடு கடல் புகும்வரை பிழைப்பு நிற்கும். அறிந்தே அறுத்தனர். இவ்வாறு கடல் மீண்டவை பல நூறு.