கையால் செய்யும் நத்தார்



வட்டவளைத் தோட்டங்களில் நாம் சிறுவயதில் கண்ட நத்தார் நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பும், வர்ணக் கடதாசியும், கோதுமை மாப் பசையும் போதுமாயிருந்தன. இன்று தொங்கும் பிளாஸ்டிக் மாலைகள் பண்டிகை முடிந்ததும் கானுக்குப் போகின்றன. இல்லையேல் லயத்துக்குப் பின்னால் எரிக்கப்படுகின்றன. கானில் போட்டது மகாவலியில் சேர்கிறது. எரித்த புகை பிள்ளைகளின் நெஞ்சில் சேர்கிறது. இழுப்போடு வரும் அவர்களை மருத்துவர்களாகிய நாங்கள் பார்க்கிறோம்.

2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் மாலை, கோப்பை, தட்டு ஆகியவற்றுக்கு இலங்கையில் தடை. வீட்டுப் பழக்கத்தை நாம்தான் மாற்றவேண்டும்.

இம்முறை பாடசாலை ஒளி விழாவுக்கு நாம் அனுப்பும் அன்பளிப்புகள் பழைய சேலைத் துணிப் பைகளில் போகட்டும். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தித் தைப்போம். தையல் வகுப்பில் கற்ற சங்கிலித் தையல் நமக்கு மறந்திருக்காது!

அனைவருக்கும் நத்தார் வாழ்த்துகள்.