அயலூரில் அமைந்த வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது நம் நாட்டு வழக்கு. வேலை நிமித்தம் வேற்று மாநிலம் சென்றோர் மூன்றாவதாக ஒன்றையும் அதனோடு சேர்த்துக் கொள்வர்: "வாடகைக்கு வீடு தேடிப் பார்." 2010-ஆம் ஆண்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக நான் பெங்களூருக்கு வந்தேன். மனைவி மதுரையில் பள்ளி ஆசிரியை, குழந்தையோ சிறியது. ஆகவே நான் மட்டும் வர நேர்ந்தது. தனியாக வரும் ஆடவனுக்கு மனமுவந்து வீடு கொடுப்போர் எந்த ஊரிலும் சிலரே அல்லவா?

தெருத் தெருவாக அலைந்தபோது "மனெ பாடிகெகெ இதெ" என்னும் கன்னடப் பலகைகள் கண்ணிற்பட்டன. "வீடு வாடகைக்கு உள்ளது" என்பது பொருள். தமிழின் வகரம் பல சொற்களில் கன்னடத்தில் மெலிந்த பகரமாக ஒலிக்கும். நம்முடைய வாடகை அவர்களுடைய பாடிகெ. நம்முடைய வீடு அங்கே பீடு; ஹளேபீடு என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. மனை என்றால் நாம் பெரும்பாலும் வெற்று நிலத்தை எண்ணுகிறோம். மனெ என்றால் அவர்கள் விளக்கெரியும் இல்லத்தை எண்ணுகின்றனர்.

அல்சூர் ஏரிப் பக்கமாகவே நான் வீடு தேடினேன். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த காலந்தொட்டுத் தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் தொழிலாளரும் குடியேறிய பகுதி அது. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 2009-இல் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் அங்கேதான் உள்ளன. தமிழர் வீடு கிடைக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்குக் கிடைத்தது, கன்னட மூதாட்டி ஒருவரின் மாடி வீடு.

முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்டார். அது இந்நகரின் நெடுநாள் வழக்கம். குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே முன்பணத்தின் உச்ச வரம்பு என்று மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் ஒரு மாநிலம் அதனை ஏற்றுச் சட்டம் இயற்றினாலன்றி அது அங்கே செல்லாது. அத்துணைத் தொகை என் ஒருவன் கையில் இல்லை. ஆகவே பங்குக்குத் தோழர்களைத் தேடினேன். நேபாளத்துப் பொக்காராவிலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர், அஸ்ஸாமிலிருந்து வந்த காவலாளி இளைஞர் ஒருவர், சூடான் நாட்டிலிருந்து மருந்தியல் கற்க வந்த மாணவர் ஒருவர் ஆகிய மூவர் அமைந்தனர்.

சூடான் மாணவரைக் கண்டதும் மூதாட்டி தயங்கினார். "இவருக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?" என்று என்னைக் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் உடனே விடை கூறவில்லை. என் உத்தியோகத்தையும் என் நற்பெயரையும் உள்ளத்துள் எடை போட்டுக் கொண்டிருந்தேன். அந்த இளைஞர் என் முகத்தையே பார்த்துக் கொண்டு நின்றார். பிறகுதான் "ஆம்" என்றேன்.

இவ்வாறு சேர்ந்து வாழ விரும்புவோர்க்குச் சில சொல்வேன். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்திற்கே எழுதப்படும். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படிப் பதிவு செய்தாக வேண்டும் என்பதே காரணம். அதில் எல்லாருடைய பெயரும் இருத்தல் நலம். இன்றேல், முன்பணத்தில் தமக்குள்ள பங்கை மற்றவர் நிறுவுவது அரிது. வெளிநாட்டவர்க்கு இடந்தரும் வீட்டுடையார் 24 மணி நேரத்திற்குள் அதனை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அடுக்களையில் ஒரு கணக்குப் புத்தகமும், இறைச்சிக்குத் தனிப் பாத்திரமும் இருந்தால் பாதிப் பூசல் எழாது.

மீதிப் பாதியைத் தீர்ப்பது எது? 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதை அறிந்தேன். அஸ்ஸாமின் கொக்ராஜாரில் நிகழ்ந்த கலவரத்தைத் தொடர்ந்து, ரம்சான் நோன்பு முடிந்ததும் பெங்களூரில் வாழும் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவர் என்னும் வதந்தி கைப்பேசிகளில் பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் இரயில் நிலையத்தில் குவிந்தனர். குவாஹாத்திக்குச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. எங்கள் வீட்டு இளைஞரும் பெட்டியைக் கட்டினார். அவருடைய தாயார் தொலைபேசியில் ஓயாது அழுதார்.

"போகாதே" என்று சொல்ல என் நா எழவில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இதே நகரைவிட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஓடிய கதையை எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலமுறை சொல்லக் கேட்டிருந்தேன். அஞ்சியவனை நில் என்பதற்கு நான் யார்? அன்று மாலை அவருடைய இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்து இரயில் நிலையம் வரை வந்தவர் யார் தெரியுமா? பகலெல்லாம் நீரும் அருந்தாமல் ரம்சான் நோன்பிருந்த சூடான் நண்பர். நடைமேடைக் கூட்டத்தில் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழத்தால் அவர் நோன்பு திறந்தார். அதில் பாதியைப் புறப்படுகிறவருக்கு ஈந்தார்.

வதந்தி பொய்த்தது. ஆயினும் அவருடைய கட்டில் வெறுமையாகக் கிடந்தது. வேறொருவரைச் சேர்த்திருந்தால் எங்கள் செலவு குறைந்திருக்கும். நாங்கள் மூவரும் அவர் பங்கை இரண்டு மாதம் பகிர்ந்து செலுத்தினோம். மூதாட்டி வாடகையில் ஒரு காசும் குறைக்கவில்லை. ஆனால் நாள்தோறும் மாலையில் படிக்கட்டின் கீழ் நின்று, "ஹுடுகா பந்தனா?" என்று கேட்பார். "பையன் வந்தானா?" என்பது அதன் பொருள். அக்டோபரில் ஒரு நாள் அவன் வந்தான். நான் சொல்லுமுன்னரே சூடான் நண்பர் மாடியிலிருந்து கன்னடத்தில் கூவினார்: "பந்தா, அஜ்ஜி, பந்தா!"

வந்தான் என்பதற்கும் பந்தா என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஓரிரண்டு எழுத்தளவுதான். அயலூரில் வாழும் நேயர்களே, உங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்று இடம் கேட்கும்போது, நான் செய்தது போல் விடை சொல்லத் தாமதியாதீர்கள்.