கடைசி ஐந்து மீட்டர்



ஜியோகேச்சிங் ஒரு புதையல் வேட்டை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. பொதுமக்களின் கருவி நூறு மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய கையோடு, மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் நோட்டும் பென்சிலும் சில பொருள்களும் போட்டு மறைத்துவிட்டு, அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். மூன்றே நாளில் ஆள் போய் எடுத்துவிட்டார்!

இவர்கள் கூடும் கூட்டங்களில் புதியவர்களுக்கும் பாடம் உண்டு. அதன் சுருக்கம் இது:

கடினம் 1 முதல் 5 வரை குறித்திருப்பார்கள், 1-இல் தொடங்குங்கள். திறந்தவெளியில் போன் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரை கொண்டுபோய் விடும். மரத்தடியிலும் கட்டடத்தின் அருகிலும் பிழை கூடும். அங்கே போனைப் பையில் போட்டுவிட்டு, "நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?" என்று யோசியுங்கள்.

கிடைத்ததும் நோட்டில் பெயர், தேதி எழுதுங்கள். ஒரு பொருளை எடுத்தால் ஈடாக ஒன்று வையுங்கள். மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வையுங்கள். அங்கே காவலாளி கிடையாது. முன்னால் வந்தவர் ஒழுங்காக வைத்ததால்தான் உங்களுக்குக் கிடைத்தது. நீங்கள் அசட்டையாக விட்டால் அடுத்தவருக்கு வெறும் புதர்தான்.

ஒளித்துவைக்க ஆசைப்படும் தம்பிகளே, முதலில் இடத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். ரயில் நிலையத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால், தேடி வருவது நண்பர்கள் அல்ல, வெடிகுண்டு நிபுணர்கள்!