தொடை இடுக்கு வீக்கமெல்லாம் குடலிறக்கம் இல்லைங்க

நாம வெளியில சொல்லக் கூச்சப்படற ஒரு விசயத்தப் பத்திப் பேச வந்திருக்கேன்.

நம்ம குமாரபாளையத்துல தறி ஓட்டுற பொம்பளைங்க நாள் முழுக்க நின்னபடிதான் வேலை. கால்ல நீலமா நரம்பு சுருட்டி நிக்கறது பல பேருக்கு உண்டு. நரம்புன்னு சொன்னாலும் அது ரத்தக்குழாய், சிரைன்னு பேரு. கால் ரத்தம் மேலே ஏறணும், கீழே திரும்பக் கூடாது. அதுக்காகச் சிரைக்குள்ள வால்வு இருக்குது, கிணத்து மோட்டார் ஃபுட் வால்வு மாதிரி. அது பழுதானா ரத்தம் தேங்கி சிரை புடைச்சுக்கும்.

கால் தோலுக்கடியில வர்ற பெரிய சிரை, தொடை இடுக்குலதான் உள்சிரையோட சேருது. அங்க புடைச்சா மெத்துன்னு ஒரு கட்டி தெரியும். நின்னா தெரியும், படுத்தா மறையும், இருமினா துள்ளும். குடலிறக்கமும் இதே மாதிரிதான் காட்டும். கால்லயும் சிரை சுருட்டியிருந்தா, கட்டி லேசா நீலமா தெரிஞ்சா, சிரையா இருக்குமோன்னு சந்தேகப்படணும்.

கர்ப்பிணிகளுக்கு இன்னொண்ணு வரும். கர்ப்பப்பையைப் பிடிச்சிருக்கிற நார் ஒண்ணு தொடை இடுக்கு வரைக்கும் இறங்குது. அதை ஒட்டின சிரைகள் கர்ப்பத்துல புடைக்கலாம். எங்க நாத்தனாருக்கு ஆறாம் மாசம் அப்படித்தான் வந்துச்சு. "குடலிறக்கம், ஆபரேசன்தான்"னு சொந்தபந்தம் சொல்ல, பயத்துல புள்ள சோறே உங்கல. ரத்த ஓட்டத்தைக் காட்டற டாப்ளர் ஸ்கேன் எடுத்ததும் சிரைன்னு தெரிஞ்சுது. பிரசவத்துக்கப்புறம் தானா வத்திருச்சு. கத்தி வைக்கவே இல்லை.

அதுக்காகக் குடலிறக்கத்த லேசா நினைக்காதீங்க. தொடைப் பக்கம் இறங்கற குடலிறக்கம் ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். அதுல குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. கட்டி திடீர்னு கெட்டியாகி, வலிச்சு, படுத்தாலும் உள்ளே போகலைன்னா, வாந்தி வந்தா, ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சாலும் அப்படித்தான், ரத்தம் உறைஞ்சிருக்கலாம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்.

எந்தக் கட்டியானாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க. "டாப்ளர் ஸ்கேன் பார்க்கணுங்களா"ன்னு கேளுங்க. ஸ்கேனுக்குக் காசில்லைன்னு யாரும் வீட்டுல முடங்க வேண்டாம். அவசரத்துக்குத்தானே உள்கடன் வச்சிருக்கோம். கடனைக் கூச்சமில்லாம கேக்கற நாம, உடம்பு நோவையும் குழுக் கூட்டத்துல வாய்விட்டுச் சொல்லுவோம்.